வெள்ளி நண்பகலில் விற்ற இருக்கைகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு ஒரு டீ-சேர்ட் தருவார்கள். நெஞ்சில் "நாம் ஒரே அணி" என்று அச்சடித்திருக்கும். துணி நல்ல துணி, வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போகலாம், வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கலாம். அந்த வசனத்தை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். தாடி நரைக்கும்வரை அதை நம்பியவன் சொல்கிறேன்.

போன மாதம், நான் பார்த்த வேலைக்கே வந்திருக்கிற உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "காக்கா, டெவலப்பர்மார் நம்மளக் கண்டா ஏன் இப்பிடி எரிஞ்சு விழுறாங்க?" புதிதாகச் சேர்ந்த பிள்ளை; மூத்தவனை அண்ணன் என்பதுபோல எங்கள் கரையில் காக்கா என்பார்கள். நான் தேநீரைக் குடித்து முடிக்கும் சாட்டில் பதில் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. வேலையை விட்டு ஆறுதலாக இருக்கலாம் என்று வந்தவனை அது இருக்க விடவில்லை. சரி, எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்; ஆறிய பிறகு எழுதினால் பொய்யாகிவிடும்.

எங்கள் கம்பனி கொழும்பில். கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் கடல், அலையின் சத்தம் மட்டும் உள்ளே வராது. மென்பொருளை எழுதுகிற டெவலப்பர்கள் அங்கே இருந்தார்கள். எழுதப்பட்டது எந்த இயந்திரங்களில் ஓடுகிறதோ, அந்தச் சேர்வர்களை விழாமல் பார்த்துக்கொள்கிற நாங்கள், அதாவது இன்ஃப்ராக்காரர்கள், கல்முனையில் இருந்தோம். பஸ் நிலையத்தைப் பார்த்தபடி ஒரு ஹார்ட்வெயார் கடை. அதற்கு மேல்மாடி எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் சீமெந்துத் தூசி, மூடினால் புழுக்கம். கீழே நாள் முழுக்க கொண்டக்டர்மாரின் கூச்சல். நாங்கள் பார்த்ததும் பஸ் வேலைதான்: பொத்துவிலிலிருந்து கொழும்புவரை ஓடும் பஸ்களில் இருக்கைகளைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்கிற செயலி.

இந்தத் தொழிலின் அடிப்படை அநியாயத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். டெவலப்பருக்குச் சம்பள உயர்வு, புதிதாக எவ்வளவு வெளியிட்டான் என்பதைப் பார்த்து. இன்ஃப்ராக்காரனுக்கு, எதுவும் நிற்காமல் ஓடியதா என்பதைப் பார்த்து. ஒருவனை ஓடச் சொல்கிறார்கள். மற்றவனை அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தச் சொல்கிறார்கள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் டீ-சேர்ட். சட்டை கிழியும்போது, "உங்களுக்குள் தொடர்பாடல் போதவில்லை" என்று ஒரு பயிற்சிப் பட்டறை வைக்கிறார்கள்.

அந்த மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர். நான், அஸ்மி, ஜெபராஜ். அஸ்மி இளையவன், வாய்க்காரன். ஜெபராஜ் கல்முனை மெதடிஸ்த ஆலயத்தைச் சேர்ந்தவர். அதிகம் கதைக்க மாட்டார், ஆனால் கதைத்தால் அதற்குப் பிறகு நாங்கள் கதைக்க ஒன்றும் மிஞ்சாது. எனக்கும் அஸ்மிக்கும் நிரந்தர நியமனம். ஜெபராஜுக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். மனைவிக்கு வேலை இல்லை, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம். அவரால் அந்த வேலையை இழக்க முடியாது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இனி நான் சொல்லப்போவது முழுக்க அந்த வேலையைப் பற்றியது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மேலாளரும் வகுத்ததல்ல. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகைக்கு நானும் அஸ்மியும் பள்ளிவாசலுக்குப் போகும்போது ஜெபராஜ் தனியாகச் சேர்வர்களைப் பார்ப்பார். ஞாயிறு காலை அவர் ஆராதனைக்குப் போகும்போது எங்களில் ஒருவர் வந்து உட்காருவோம். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, நாங்கள்; பெருநாளுக்கு அவர். நாட்டில் எங்கள் ஆட்களும் அவருடைய ஆட்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த நாட்களிலும் இது ஒரு கிழமைகூடத் தவறவில்லை. அதை நாங்கள் பெருமையாகவும் பேசியதில்லை. கதவைச் சாத்திவிட்டுப் படுப்பது மாதிரி, அது பாட்டில் நடந்தது.

இன்னொரு விதியும் இருந்தது. கொழும்பிலிருந்து வருகிற எந்த மாற்றத்தையும் எங்களில் இருவர் பார்க்க வேண்டும். ஒருவர் வாசித்துக் கேள்வி கேட்பார், மற்றவர் அதைச் சேர்வரில் ஏற்றும் பொத்தானை அமத்துவார். ஒருவர் மட்டும் இருக்கும் நேரத்தில் வழமையான மாற்றம் எதுவும் போகாது. "அவசரம்" என்று குறித்து வந்தால் மட்டும் தனியாள் அமத்தலாம்.

கொழும்பில் வேலை ஸ்ப்ரிண்ட் கணக்கில் ஓடியது. இரண்டு கிழமைக்கு ஒரு ஓட்டம், ஓட்டத்தின் கடைசி நாள் வெள்ளி. அன்று பிற்பகல் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு டெமோ, அதாவது செய்ததைக் காட்டிக் கைதட்டு வாங்குகிற கூட்டம். அதற்கு முன்பே மாற்றம் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அந்த டெவலப்பரின் பெயருக்கு நேரே பலகையில் சிவப்பு நிறம்.

இப்போது நிஸ்தாரைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த ஊரான சாய்ந்தமருதுப் பொடியன். மூளை கத்தி மாதிரி. கொழும்பு மாடியில் அவனுக்கு இடம் கிடைத்தபோது எங்கள் மாடியில் அஸ்மி எல்லாருக்கும் தொதல் இனிப்பு வாங்கிக் கொடுத்தான். "இனி மேல நம்மட ஆள் ஒண்டு இரிக்கி காக்கா. கதைச்சா விளங்கும்," என்றான்.

விளங்கத்தான் செய்தது. நாங்கள் எதிர்பார்க்காத விதமாக.

சில மாதங்களில் ஒரு விடயம் கண்ணில் பட்டது. ஸ்ப்ரிண்ட் முடிகிற வெள்ளிகளில், சரியாகத் தொழுகைக்கு முன் குத்பா பிரசங்கம் ஓதுகிற நேரத்தில், "அவசரம்" என்று குறித்த மாற்றம் ஒன்று நிஸ்தாரிடமிருந்து வரும். கொழும்பில் ஜும்ஆ நேரம் பள்ளிக்குப் பள்ளி மாறும். எங்கள் பள்ளியில் எத்தனை மணிக்கு இமாம் மிம்பர் மேடையில் ஏறுவார், எத்தனை மணிக்கு நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வருவோம் என்பது இந்தக் கரையில் வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். மேலே இருக்கிற வேறெவருக்கும் அந்தக் கணக்கு வராது.

"காக்கா, இவன் நம்மட தொழுகையப் பார்த்துத்தான் அனுப்புறான்," என்றான் அஸ்மி.

"சும்மா இரி. பொடியனுக்கு டெமோ அவசரம்."

"அவசரம் எண்டா காலையில அனுப்பலாமே. காலையில நாம ரெண்டு பேரும் என்ன, தூங்கிட்டா இரிக்கம்?"

ஜெபராஜ் திரையிலிருந்து திரும்பினார். அந்த மாற்றங்களையெல்லாம் தனியாக அமத்தியவர் அவர்தான். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் கேள்வி கேட்டா, 'அண்ணன், எங்கட டீம் லீட் ஓம் எண்டிட்டார், நீங்க என்ன புதுசா' எண்டு எழுதுறார். மேல ஓம் எண்டதுக்கு நான் இல்ல எண்டு சொன்னா, அடுத்த வருசம் என்ர ஒப்பந்தத்துக்கு ஆர் ஓம் எண்டிற?"

நான் கொழும்புக்கு எழுதினேன். விதி மதிக்கப்படும் என்று பதில் வந்தது. அடியில் ஒரு சிரித்த முகம் போட்டிருந்தார்கள்.

நான் சொல்லவந்த அந்த வெள்ளிக்கிழமை நீண்ட விடுமுறை ஒன்றுக்கு முந்தைய வாரத்தில் வந்தது. ஊரில் பாதி கொழும்புக்குப் போகிறது, கொழும்பில் பாதி ஊருக்கு வருகிறது. பஸ்கள் நிரம்பி வழிகிற காலம். நாங்கள் தொழுதுவிட்டு வந்தபோது ஜெபராஜ் வாசலிலேயே நின்றார்.

"ஒண்டு போட்டிருக்கன் காக்கா. நிஸ்தார்ர. இருக்கையப் பிடிச்சு வைக்கிற இடத்த மாத்தியிருக்கார், வேகமா வேலை செய்யவாம். பள்ளி முடியட்டும், ரெண்டு பேராப் பார்ப்பம் எண்டு சொன்னன். கேக்கல்ல. உங்களுக்கு ரெண்டு தரம் போன் அடிச்சன்."

என் தொலைபேசி சட்டைப் பையில் ஊமையாகக் கிடந்தது. பள்ளிக்குள் அது ஊமையாகத்தான் இருக்கும்.

திரையில் எல்லாம் பச்சை. செயலி முன்பைவிட வேகமாக ஓடியது. டெமோவில் வாடிக்கையாளர் கைதட்டினாராம், கொழும்பில் கேக் வெட்டினார்களாம். நான் நிஸ்தாரை அழைத்து, என்ன மாற்றினாய் என்று கேட்டேன். "சின்ன விசயம் காக்கா, பயப்படாதீங்க," என்றான். கேக் வாயில் இருந்தது போலும், குரல் அடைத்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வெயில் தணிந்தது. கொழும்பு பஸ்கள் தெற்கிலிருந்து வரத் தொடங்கின. பொத்துவிலில் புறப்பட்டு, கோமாரியில் ஆட்களை ஏற்றி, அக்கரைப்பற்றில் ஏற்றி, எங்களிடம் வரும்போது பாதி நிரம்பியிருக்கும். மற்றப் பாதி கல்முனைக்காரருக்கு. அன்றைய முதல் பஸ் நிறைந்தே வந்தது. கல்முனையில் ஏறப் பதிவு செய்திருந்தவர்கள் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். போன வேகத்தில் சத்தம் எழும்பியது.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். பஸ் படியில் நின்று கொண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான்: "நான் என்ன செய்ய? ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர். மாப்பிள பொண்ணு எண்டாலும் பரவாயில்ல, நெருக்கி வைக்கலாம். ரெண்டும் கிழவனுகள்!" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ திட்டினார்கள். அவன் கை நேரே எங்கள் ஜன்னலைக் காட்டியது. "என்னோட ஏன் சண்டை? அந்தா, அந்த மாடியில இரிக்கிறாக்கள்தான் விக்கிற. அங்க போய்க் கேளுங்க."

வந்தார்கள். மரப்படி முழுக்க ஆட்கள். முன்னால் நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு பெண், பின்னால் அவளது தகப்பன், கண்ணில் பச்சைத் துணி மறைப்பு.

"நீங்கதானா இத நடத்துறாக்கள்?"

"நாங்க சேர்வர் பார்க்கிறாக்கள், ராத்தா..." அஸ்மி தொடங்கினான்.

"எனக்கு அது விளங்காது தம்பி. வாப்பாக்கு நாளைக்குக் காலையில கொழும்பில கண் கிளினிக். எங்கட ரெண்டு சீட்டிலயும் கோமாரிக்காரர் ரெண்டு பேர் குந்தியிரிக்காங்க. அவங்களும் காட்டுறாங்க, அதே நம்பர். அவங்கள எழுப்பவும் மனசில்ல. இந்தக் கிளினிக் தவறினா மறுகா எப்ப கிடைக்கும் எண்டு உங்கட மெசினுக்குத் தெரியுமா?"

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருக்கிற எந்த டெவலப்பரும் இந்தப் பெண்ணைக் கண்டதில்லை. எங்கள் தொழிலில் பிழையை எழுதுகிறவனுக்கும் பிழை நடக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு முழு நாடு கிடக்கிறது.

என்ன நடந்தது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. நிஸ்தாரின் மடிக்கணினியில் செயலி ஒரே இயந்திரத்தில் ஓடும். எங்களிடம் அது இரண்டு இயந்திரங்களில், சுமையைப் பகிர்ந்து ஓடுகிறது. ஒரு கடையில் இரண்டு விற்பனையாளர்கள் நிற்கிறார்கள் என்று வையுங்கள். முன்பு இருவரும் ஒரே பலகையைப் பார்த்து விற்றார்கள். அவனுடைய மாற்றத்துக்குப் பிறகு ஆளுக்கொரு பலகை. இவன் விற்றது அவனுக்குத் தெரியாது. இருவரும் வேகமாக, மிக வேகமாக, ஒரே இருக்கையை விற்றுக்கொண்டிருந்தார்கள். நண்பகலிலிருந்து. இன்னமும்.

நான் கொழும்புக்கு அழைத்தேன். விற்பனையை நிறுத்துகிற அதிகாரம் எங்களுக்கு இல்லை. லீட் அனுமதிக்க வேண்டும். லீட் வீட்டுக்குப் போகிற வழியில், வாகன நெரிசலில். கடமையில் இருந்தவர் சொன்னார்: "இப்ப நிப்பாட்ட ஏலாது. விற்பனை உச்சத்தில இருக்கு. லீட் வீட்ட போய்ச் சேரட்டும், கதைச்சு முடிவெடுப்பம்." அவர் பேசி முடிப்பதற்குள் இன்னும் எத்தனை இருக்கைகள் இரண்டு தரம் போயினவோ தெரியாது.

ஜெபராஜ் கீழே போய் பஸ்ஸுக்குள் பார்த்துவிட்டு வந்தார். தன் கதிரையில் உட்கார்ந்தார்.

"காக்கா, நிப்பாட்டுறன்."

கையில் தொலைபேசி, அந்த முனையில் இன்னும் யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். "நிப்பாட்டு," என்றேன்.

அவர் நிறுத்தினார். நாடு முழுக்க அந்தச் செயலியில் எவரும் எதையும் வாங்க முடியாமல் போனது. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றி, இரண்டு தரம் விற்ற இருக்கைகளைப் பிரித்தெடுத்து, மாலைத் தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொல்ல முன் மறுபடி திறந்தோம். அதற்கிடையில் அஸ்மி ஊரிலிருக்கிற பஸ்காரர்களையெல்லாம் அழைத்து, சம்மாந்துறைக்குக் கல்யாணப் பயணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்றை வழிமறித்து, மிஞ்சியவர்களைக் கொழும்புக்கு ஏற்றிப்போகச் சம்மதிக்க வைத்துவிட்டான். முகப்பில் கடதாசிப் பூமாலை தொங்க அது வந்து நின்றது. நற்பிட்டிமுனைப் பெண் தகப்பனைக் கைபிடித்து ஏற்றினாள். கொண்டக்டர் எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "கல்யாண பஸ்ஸில கிழவனக் கூட்டிட்டுப் போறாங்க. பார்த்து, வழியில ஆரும் மாலை போட்டிருவாங்க." தகப்பன் சிரித்தார். அன்று அந்த இடத்தில் கேட்ட ஒரே சந்தோசமான சத்தம் அதுதான்.

விடுமுறை முடிந்து கூட்டம் வைத்தார்கள். ஸ்ப்ரிண்ட் முடிவில் வைக்கிற மீள்பார்வைக் கூட்டம். அதற்கு ஒரு பெருமையான அடைமொழி உண்டு: குற்றம் சாட்டாத கூட்டம். அப்படிப் பெயர் வைத்த கூட்டத்துக்குப் போகும்போது முதுகை மூடிக்கொண்டு போங்கள்.

திரையில் கொழும்பு மாடி. கூட்டத்தை நடத்தியவர் ஸ்ப்ரிண்ட்களை மேற்பார்க்கிற ஸ்க்ரம் மாஸ்டர், பஞ்சு மாதிரிக் குரல். இயந்திரம் வாங்கவும் ஆள் எடுக்கவும் கையெழுத்து வைக்கிறவரும் அவர்தான். ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழில் தருகிறேன். "இங்கே நாம் யாரையும் குறை சொல்ல வரவில்லை. தரவைப் பார்ப்போம். கடந்த வெள்ளி மாலை நமது சேவை முழுமையாக நின்றுபோனது. அனுமதியில்லாமல் நிறுத்தப்பட்டது. ஏன்?"

கவனியுங்கள், என் பிள்ளைகளே. இந்த இடத்தில்தான் என் இரத்தம் இன்றைக்கும் கொதிக்கிறது. நண்பகலிலிருந்து மாலைவரை ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுக்கொண்டிருந்த நேரம் அவர்களுடைய கணக்கில் நல்ல நேரம். பச்சை நிறம். சேவை ஓடிக்கொண்டிருந்தது அல்லவா. அந்தக் களவை ஒரு மனிதன் கையை நீட்டி நிறுத்திய நேரம் இருக்கிறதே, அது மட்டும்தான் சிவப்பு. பிழை ஓடினால் வெற்றி, பிழையை நிறுத்தினால் தோல்வி. இப்படி ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு நம்மை அளக்கிறார்கள். நாமும் சட்டைக்கு அளவு கொடுக்கிறவன் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம்.

"நிப்பாட்டச் சொன்னது நான்," என்றேன்.

"நன்றி, குறித்துக்கொண்டோம்," என்றார். எவரும் எதையும் குறிக்கவில்லை. நிரந்தர ஊழியனைக் கழற்றுவது சள்ளை பிடித்த வேலை. ஒப்பந்தக்காரனைக் கழற்ற ஒரு மின்னஞ்சல் போதும். பழி எப்போதும் கழற்ற இலேசான இடத்தில்தான் போய் ஒட்டும்.

பிறகு அவர் ஜெபராஜிடம் திரும்பினார். குரல் இன்னும் மெத்தென்றது. "நீங்கள் அன்று நண்பகலில் தனியாக விடப்பட்டிருந்தீர்கள். உங்கள் சகாக்கள் இருவரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். அந்த அழுத்தத்தில்தான் சரிபார்க்காமல் அமத்தினீர்கள், மாலையிலும் பதறி நிறுத்தினீர்கள். அப்படித்தானே? அப்படியென்றால் இது உங்கள் பிழையாகாது. வெள்ளிக்கிழமை வருகை ஒழுங்கை மாற்றினால் முடிந்தது."

கதவைத் திறந்து வைத்து, வெளியே போ என்று காட்டுகிற கை அது. 'ஓம்' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் ஜெபராஜின் வேலை தப்பும். பிழை எங்கள் தொழுகையின் தலையில் விழும். அடுத்த வெள்ளியிலிருந்து என்னையோ அஸ்மியையோ கதிரையில் கட்டிப்போடுவார்கள். ஞாயிறு அவருக்காக நாங்கள் உட்காருகிற வழக்கமும் தானாகப் போய்விடும். அஸ்மி மேசைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்திருந்தான். நான் ஜெபராஜைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சியது போலாகும். இரண்டு பிள்ளைகளின் தகப்பனிடம் எந்த முகத்தோடு கெஞ்சுவது?

ஜெபராஜ் தமிழில் பதில் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. அது அவருக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை.

"இவங்க தொழப் போனதால ஒரு சீட்டில ரெண்டு பேர் இருக்கல்ல. நான் தனிய இருக்கிறன் எண்டு தெரிஞ்சு அனுப்பினதாலதான் இருந்தாங்க. பின்னேரம் நான் பதறவும் இல்ல. பஸ்ஸுக்குள்ள போய்ப் பார்த்திட்டு வந்துதான் நிப்பாட்டினன். திரும்ப நடந்தாலும் நிப்பாட்டுவன்."

மொழிபெயர்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். பிறகு நானே தமிழுக்குத் தாவி, திரையின் மூலையில் சிறு சதுரமாக இருந்தவனைக் கேட்டேன்: "நிஸ்தார். அந்த நேரத்தை எப்பிடித் தெரிஞ்செடுத்த?"

அவன் ஒலிவாங்கியைத் திறந்தான். அவனும் தமிழில்தான் கதைத்தான்.

"நான் சாய்ந்தமருதுக்காரன் காக்கா. எனக்குத் தெரியாதா எத்தின மணிக்குக் குத்பா எண்டு? ரெண்டு பேர் இருந்தா கேள்வி வரும். கேள்வி வந்தா பின்னேரமாகும். பின்னேரமானா எனக்குச் சிவப்பு. அதுக்குத்தான் போட்டன்."

அஸ்மியின் பிடி இறுகியது. நிஸ்தார் நிறுத்தவில்லை, அவனுடைய குரலும் ஏறியது.

"ஆனா நீங்க என்ன செஞ்சீங்க? உங்கட சேர்வர் மாதிரியே ரெண்டு மெசின் உள்ள சோதனை இடம் ஒண்டு தாங்க எண்டு எத்தின ஸ்ப்ரிண்டா கேக்கிறன்? இருந்திருந்தா இந்தப் பிழை அங்கயே புடிபட்டிருக்கும். இன்ஃப்ராக்காரர் ஏலாது எண்டிட்டாங்க எண்டு பதில். ஒண்டும் தராம ஒளிச்சு வெச்சிட்டு, மறுகா கேள்வி மட்டும் கேப்பீங்க."

"ஆர் ஏலாது எண்ட?"

"நீங்கதான்."

"நாங்க கேட்ட, தம்பி. அந்தச் சோதனை இடத்துக்கு மெசின் வேணும் எண்டு நாங்கதான் எழுதிக் கேட்ட. டெவலப்பர்மாருக்குத் தேவையில்லையாம் எண்டு பதில் வந்த."

அவன் கேட்டதும் நாங்கள் கேட்டதும் போய்ச் சேர்ந்தது கையெழுத்து வைக்கிற அந்த ஒரே மேசைக்கு. மறுப்பு வந்ததும் அதே மேசையிலிருந்து. அவனிடம் எங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், எங்களிடம் அவனுடைய பெயரை. இயந்திரம் வாங்குகிற செலவைவிட இரண்டு கூட்டத்தை மோதவிடுவது மலிவு. நானும் அவனும் மாதக்கணக்கில் ஒருவரை ஒருவர் திட்டித் தீர்த்த திட்டெல்லாம் யாருக்கோ இலாபமாகப் போயிருக்கிறது.

நான் இதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி, ஏன் என்று கேட்டேன். பஞ்சுக் குரல் சொன்னது: "அது நல்ல கருத்து. ஆனால் இன்றைய தலைப்பில் இல்லை."

கூட்டம் முடிந்து சற்று நேரத்தில் உத்தரவு வந்தது. ஜெபராஜின் சேர்வர் அனுமதிகளை இன்றே நீக்கவும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது. அவ்வளவு விரைவாக எழுதிவிட முடியாத மின்னஞ்சல். கூட்டத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள். அதைச் செய்யச் சொல்லி வந்தது எனக்கு.

நான் செய்யவில்லை. அவர்கள் அழைத்தார்கள்.

"நீங்கள் செய்யாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்வோம்."

"செய்யுங்க. உங்கட மாடியில அது எப்பிடிச் செய்யிற எண்டு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சொல்லுங்க, நான் போனிலேயே சொல்லிக் குடுக்கிறன்."

அப்படி ஒருவரும் இல்லை. இயந்திரங்களின் சாவியை நம் கையில் தந்துவிட்டு, அது என்ன சாவி என்று கேட்கக்கூட ஒருநாளும் நினைக்காதவர்கள் அவர்கள். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அமைப்பு வரைபடத்தில் தேடாதீர்கள். யார் இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்று பாருங்கள். அதை அடிக்கடி காட்டாதீர்கள். காட்ட வேண்டிய நாளில் கூசாதீர்கள்.

மறுநாள் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. நிஸ்தார் கம்பனி முழுவதற்கும் ஆங்கிலத்தில் எழுதினான்: அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்தது தான்தான், விதியைச் சுற்றிப் போனது தான்தான், ஜெபராஜ் நிறுத்தியிராவிட்டால் தன்னுடைய பிழை விடியும்வரை விற்றுக்கொண்டிருக்கும் என்று. இன்ஃப்ராவும் டெவலப்பரும் ஒரே விடயத்தை ஒரே வாயால் சொல்லி அந்தக் கம்பனி அதுவரை கேட்டதில்லை. ஒருவரைக் காட்டி மற்றவரை மறுப்பதற்கு வழியில்லாமல் போனது. ஜெபராஜின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சோதனை இயந்திரங்கள் வந்தன. எவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. வந்த மின்னஞ்சலில் "கற்றுக்கொண்ட பாடங்கள்" என்று தலைப்பிட்டிருந்தார்கள். யார் கற்றார்கள் என்று போடவில்லை.

அதற்காக நான் நிஸ்தாரை மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். தொழுகைக்குப் போனவர்களின் முதுகைக் கணக்குப் பார்த்தவன் அவன். நெருக்கியது மேலே இருந்தவர்கள்தான். ஆனாலும் நெருக்கப்பட்டவன் எவன் தோளில் ஏறித் தப்புகிறான் என்பது அவனுடைய பொறுப்பு. உங்களுக்கும் சிவப்பு நிறத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அப்போது பக்கத்தில் தனியாக இருக்கிறவனைத் தேடிப் போகாதீர்கள்.

அடுத்த ஸ்ப்ரிண்டின் கடைசிக் கிழமை அவன் கல்முனைக்கு வந்தான். யாரும் அனுப்பவில்லை, கேட்டு வந்தான். அஸ்மி அவனோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. தேநீர் மட்டும் கொண்டுவந்து வைத்தான், சீனி போடாமல். வெள்ளி காலை நிஸ்தார் தன் மாற்றத்தோடு ஜெபராஜின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜெபராஜ் வாசித்தார், கேட்டார், மறுபடி வாசித்தார். ஒரு கேள்விக்கு நிஸ்தாரிடம் பதில் இல்லை. அதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியபோது பள்ளியில் பாங்கு சொன்னது.

நானும் அஸ்மியும் எழும்பினோம். நிஸ்தார் எழும்பவில்லை. திரையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் டெமோ.

"போ," என்றார் ஜெபராஜ். "வந்து பார்ப்பம்."

"அண்ணன், மேல இருந்து போன் அடிப்பாங்க. இப்பவே போடச் சொல்லுவாங்க."

"அடிப்பாங்கதான்."

"என்ன சொல்லுவீங்க?"

"ஆள் பள்ளிக்குப் போயிருக்கார் எண்டு சொல்லுவன்."

நிஸ்தார் பையிலிருந்து தொப்பியை எடுத்தான். மூன்று பேரும் படியிறங்கினோம். பாதிப் படியில் மேலே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அவன் நின்று, கிறுகித் திரும்பி மேலே பார்த்தான்.

"நட," என்றேன்.